எண்களின் நாணயம்

திருப்பூரில் ஏற்றுமதிக்கான ஆடைகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுத் தயாராக இருக்கும் நாளில், வாங்கும் நிறுவனத்தின் சார்பில் பரிசோதகர் ஒருவர் வருவார். ஆயிரக்கணக்கான ஆடைகளில் சிலவற்றை மட்டுமே அவர் பிரித்துப் பார்ப்பார். எந்தப் பெட்டிகளைத் திறப்பது என்பதை அவரே முடிவு செய்வார். முன்வரிசையில் அழகாக அடுக்கி வைக்கப்பட்ட பெட்டிகளை விட்டுவிட்டு, அடியில் கிடப்பதை இழுத்துத் தரச் சொல்வார். பிழையான ஆடைகள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், மொத்தச் சரக்கும் நின்றுபோகும்.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பதைப் பொருத்தே சோதனையின் மதிப்பு அமையும் என்பது இந்த ஊரில் தொழில் செய்யும் அனைவருக்கும் தெரியும். ஆனால், ஆய்வொன்றில் தெரியவந்திருப்பதாகச் சொல்லும் செய்தியைப் படிக்கும்போது இந்த அறிவு நமக்குக் கைகொடுப்பதில்லை. யார் ஆய்வு செய்தார்கள், எவரைக் கேட்டார்கள் என்று விசாரிக்காமலேயே பிடித்த முடிவை ஏற்கிறோம். பிடிக்காத முடிவைத் தள்ளுகிறோம். நொய்யல் நீரைப் பற்றியும் பனியன் தொழிலாளர் ஊதியத்தைப் பற்றியும் ஒன்றுக்கொன்று முரணான அறிக்கைகளை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்தேன். அத்தகைய அறிக்கை ஒன்றில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆய்வுகளை எப்படி எடைபோடுவது என்பதை நம் நாட்டுக்குக் கற்பித்தவர்களில் முதன்மையானவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29-ஆம் நாளைத்தான் 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

1893-இல் கொல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தோடு நெருங்கிய உறவு கொண்ட குடும்பத்தில் பிறந்த மகலனோபிஸ், மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1913-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டு சென்னையிலிருந்து அங்கு வந்து சேர்ந்த சீனிவாச ராமானுஜனும் அவரும் நண்பர்களானார்கள். குளிர் தாங்காமல் மேலங்கியோடு தூங்கிக்கொண்டிருந்த ராமானுஜனின் அறைக்குச் சென்ற மகலனோபிஸ், கம்பளிகள் படுக்கை விரிப்பின் அடியில் செருகப்பட்டிருப்பதைக் கண்டு, அவற்றை விலக்கி உள்ளே படுக்கும் முறையைக் காட்டிக்கொடுத்தாராம். மேலே தெரிவதோடு நின்றுவிடாமல் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

1915-இல் விடுமுறைக்காகத் தாயகம் புறப்பட்டபோது, போர்க்காலம் என்பதால் கப்பல் தாமதமானது. அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒருவர், உயிரியல் அளவீடுகளுக்கான 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழை அவருக்கு அறிமுகம் செய்தார். மகலனோபிஸ் அதன் தொகுதிகளை மொத்தமாக வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டே புள்ளியியலுக்குள் நுழைந்தார்.

அவரது பெயரை அரசு வட்டாரங்களில் அறியச் செய்தவை இரண்டு வெள்ளங்கள். 1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளநீரைத் தேக்கி வைக்கப் பெரும் செலவில் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்பது வல்லுநர் குழுவின் கருத்து. மகலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார். தேக்கங்களால் பயன் இராது, நீர் விரைவாக வடிய வழி செய்வதே தேவை என்று கண்டார்.

1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தது. ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பதிவுகளைப் பார்த்த மகலனோபிஸ், படுகை உயரவே இல்லை என்று காட்டினார். நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த அளவுக்கு மீறிய மழையே காரணம். மேற்பகுதியில் அணை கட்டுவதே தீர்வு என்றார். பின்னாளில் மகாநதியில் எழுந்த ஹிராகுட் அணைக்கு அந்த யோசனை முன்னோடி ஆயிற்று. இரண்டு நிகழ்வுகளிலும் எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் அனுபவம் மிக்கவர்கள். அவர்களது பதவியையோ அனுபவத்தையோ மகலனோபிஸ் குறை கூறவில்லை. அவர்கள் முடிவுக்கு ஆதாரம் எது என்று மட்டும் கேட்டார்.

1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வித்திடப்பட்டது. மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில் ஓர் அறையில் இயங்கிய அதன் முதலாண்டுச் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை. 1933-இல் 'சங்க்யா' ஆய்விதழைத் தொடங்கினார். எண், தெளிந்த அறிவு என இரு பொருள் தரும் சொல் அது. வங்காளத்துச் சாதிகள், பழங்குடிகள் குறித்து ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி வெளியிட்டிருந்த உடலளவுகள், அதுவரை அறிஞர்கள் நம்பிப் பயன்படுத்திய தரவுகள். அவற்றை மறுபடியும் கணக்கிட்டுப் பிழைகளைத் திருத்தி, முதல் ஆண்டிலேயே அவ்விதழில் வெளியிட்டார். அச்சாகிவிட்டது என்பதற்காக எந்த எண்ணும் சரியானதாகிவிடுவதில்லை என்பதற்கு அது நல்ல பாடம்.

1937-இல் சணல் பயிர்ப் பரப்பை மதிப்பிடும் பணி அவரிடம் வந்தது. வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் நடைமுறையில் இருந்ததால், நம் ஊர்க் கணக்குப்பிள்ளையைப் போன்ற கிராம அலுவலர் அங்கு இல்லை. பயிர்ப் பரப்பு என்று அரசுக்குப் போன எண்கள் பெரும்பாலும் ஊர்க்காவலர்களின் உத்தேசம். வயல்களை ஒன்று விடாமல் அளப்பதே வழி என்று பலரும் நினைத்தனர். வரைபடத்தில் குருட்டாம்போக்கில், அதாவது எவரது விருப்பு வெறுப்பும் கலவாமல், தேர்ந்தெடுத்த சிறு கட்டங்களை மட்டும் கவனமாக அளந்தால் போதும் என்றார் மகலனோபிஸ். மாதிரிக் கணக்கெடுப்பு, முழுக் கணக்கெடுப்பின் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கில் முடிந்தது. வணிகத்தின் மூலம் தெரியவந்த உண்மை விளைச்சலுக்கும் அதுவே நெருக்கமாக இருந்தது. எல்லா வயல்களையும் அவசரமாக, அக்கறையின்றி எண்ணுவதைவிடச் சில வயல்களைப் பொறுப்போடு எண்ணுவது மேல் என்பது நிரூபணமாயிற்று.

இதைவிட முக்கியமானது, களப்பணியில் நுழையும் பிழையைக் கண்டுபிடிக்க அவர் வகுத்த ஏற்பாடு. ஒரே பகுதியில், ஒன்றினுள் ஒன்று ஊடுருவி அமையுமாறு இரண்டு மாதிரிகளை எடுப்பார். அவற்றை இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராயும். ஒரு குழு என்ன எழுதியது என்பது மற்றதற்குத் தெரியாது. இரு முடிவுகளும் நெருங்கி வந்தால் ஓரளவு நம்பலாம். விலகி நின்றால், எங்கோ கோளாறு இருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டும். மனிதர் சோம்புவர், அஞ்சுவர், மேலதிகாரி விரும்புவதை எழுதுவர் என்பதை ஒப்புக்கொண்டு, அதையும் அளக்கும் வழியை ஆய்வுக்குள்ளேயே அவர் வைத்துவிட்டார்.

இந்த முறையை முதுகலைத் தேர்வில் ஒரு பத்தியாக எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். 1990-களில் பனியன் தொழிலாளரின் வேலை நேரம் குறித்து ஓர் அமைப்புக்காகக் கணக்கெடுப்பு நடத்தினேன். ஒரு மாணவர் குழு உணவு இடைவேளையில் நிறுவனங்களுக்குச் சென்றது. கேள்வி கேட்கையில் மேற்பார்வையாளரும் அருகில் நின்றிருக்கிறார். எட்டு மணி நேர வேலை என்றே பெரும்பாலோர் பதில் சொன்னார்கள். காலக்கெடு நெருங்கியதால் இன்னொரு குழுவை ஞாயிற்றுக்கிழமை லைன் வீடுகளுக்கு அனுப்பினேன். அங்கே கிடைத்த பதில் வேறு. ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம், கப்பல் ஏற்ற வேண்டிய வாரத்தில் இரவும் உண்டு என்றார்கள். நான் என்ன செய்தேன்? இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து அறிக்கையில் எழுதினேன். அந்தச் சராசரி பின்னர் கூட்டங்களில் ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்டதை நானே மேடையில் அமர்ந்து கேட்டேன். அந்த எண் எந்தத் தொழிலாளியின் நாளையும் குறிக்கவில்லை. மகலனோபிஸாக இருந்திருந்தால், இரு பதில்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பார்.

அவரும் சோதனைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். விளைச்சலைக் கணக்கிட வயலில் மிகச் சிறிய பரப்புகளை அறுத்து எடைபோடும் முறையை அவர் ஆதரித்தார். பரப்பு சிறிதானால், எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடும் வாய்ப்பு கூடும். விளைச்சல் மிகையாகத் தெரியும் என்று பி.வி. சுகாத்மே எடுத்துக்காட்டினார். துணியில் வட்டத் துண்டு வெட்டி ஜி.எஸ்.எம். பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூறு சதுர சென்டிமீட்டர் துண்டின் எடையை நூறால் பெருக்கும்போது, கத்தி விளிம்பில் நேரும் சிறு பிழையும் நூறு மடங்காகும். இரு அறிஞர்களுக்கும் இடையிலான விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதனால் நாட்டின் பயிர்க் கணக்கெடுப்பு மேம்பட்டதே தவிரக் கெடவில்லை.

1945-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. சுதந்திரத்துக்குப் பின் தேசிய வருமானக் குழுவின் தலைவரானார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அவரது முயற்சியில் தொடங்கியது. இந்தியக் குடும்பங்கள் என்ன உண்கின்றன, என்ன உடுத்துகின்றன, எதற்குச் செலவிடுகின்றன என்று தொடர்ந்து கேட்டறியும் அந்த ஏற்பாடு, மற்ற நாடுகளுக்கும் எடுத்துக்காட்டானது.

பிறகு அவர் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தை வகுத்தார். பொருளியல் ஆசிரியனாக எனக்கு இங்கேதான் தயக்கம் வருகிறது. கனரகத் தொழில்களில் முதலீட்டைக் குவித்து, நுகர்பொருள்களைப் பெருமளவு சிறுதொழில்களிடமும் குடிசைத் தொழில்களிடமும் விடுவது அவரது திட்டத்தின் சாரம். பின்னலாடை நெடுங்காலம் சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது; அந்தச் சிந்தனையின் நிழலில்தான் திருப்பூரின் சிறு நிறுவனங்கள் வளர்ந்தன. ஆனால், முதலீடு இவ்வளவு என்றால் உற்பத்தி இவ்வளவு, வேலை இவ்வளவு என்று அவர் வைத்த விகிதங்கள், கையிலிருந்த அரைகுறைத் தரவுகளைக் கொண்டு உத்தேசமாக அமைந்தவை. 1955-இல் பொருளியலாளர் குழுவில் பி.ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அதே விகிதங்களை வைத்துக்கொண்டே இன்னும் கூடுதலான உற்பத்தியையும் வேலையையும் பெற முடியும் என்று 1959-இல் ஜப்பானியப் பொருளியலாளர் கோமியா காட்டினார். அதற்குள் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்து, திட்டத்தையே குறுக்க வேண்டியதாயிற்று. சணல் வயலுக்கு இரண்டு குழுக்களை அனுப்பியவர், நாட்டின் திட்டத்துக்கு இரண்டாவது குழுவை அனுப்பவில்லை. தன் முடிவு என்று வரும்போது எத்தகைய மேதைக்கும் கண் மங்கும் என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

1968-இல் பத்ம விபூஷண் பெற்ற மகலனோபிஸ், 79 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், 1972 ஜூன் 28 அன்று மறைந்தார். அவர் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் தொடர்கிறது. ஆனால், 2017-18-இல் எடுக்கப்பட்ட குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை, தரவின் தரம் சரியில்லை என்று கூறி அரசு வெளியிடாமல் விட்டது. தரத்தில் ஐயம் இருந்தால், தரவையும் ஐயத்துக்கான காரணத்தையும் சேர்த்தே வெளியிட்டு, பிறர் சோதிக்க விடுவதுதான் அவர் காட்டிய வழி. மூடி வைத்த கணக்கில் உண்மை எது, பிழை எது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

ஆய்வு முடிவை எதிர்கொள்ளும் வாசகருக்குப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. கேட்கப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்? கேட்கும்போது அருகில் நின்றது யார்? வேறொரு குழு தனியே செய்து அதே முடிவைக் கண்டதா? தன் பிழையின் அளவை ஆய்வாளர் சொல்லியிருக்கிறாரா? இந்த நான்கிற்கும் விடை இல்லாத ஆய்வு, பரிசோதகர் திறக்காத பெட்டி. உள்ளே நல்ல ஆடைகளே இருக்கலாம். ஆனால், திறந்து பார்க்காமல் ரசீதில் கையெழுத்திடக் கூடாது.

என் பழைய அறிக்கையின் படி ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு, இரு குழுக்களின் பதில்களையும் தனித்தனியே எழுதி அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். ஆய்வு மாணவர்கள் எவரேனும் கேட்டு வந்தால், முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திருப்பூர்.