சோதனைச்சாலையை மாணவர் கையில் கொடுத்தவர்

மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல்

இந்தக் கல்லூரிக்கு வந்து நான் முதலில் உடைத்த பொருள் லீபிக் கண்டென்சர். தண்ணீர் டியூபை மாட்டும்போது கொஞ்சம் அழுத்திவிட்டேன். டப்பென்று மூக்கு முறிந்து கையோடு வந்துவிட்டது. பிரேக்கேஜ் நோட்டில் பெயர் எழுதிப் பணம் கட்டினேன். அப்பாவின் இரண்டு நாள் கூலி போயிற்று. யாரப்பா இந்த லீபிக், நம்மளை அழ வைக்கிறதுக்குன்னே பிறந்தவரா என்று அன்று இரவு முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் நூலகத்தில் அவரைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேடக் கோபம் போய் மரியாதை வந்தது. அந்த மனிதரின் கதையைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. அந்தக் கண்டென்சரை அவர் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அது இருந்தது. அவர் அதைப் பரவலாகப் பயன்படுத்தினார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் உண்மையில் உருவாக்கியது வேறொன்று. அதைக் கண்ணாடியில் ஊதிச் செய்ய முடியாது. அதுதான் இன்று நீங்களும் நானும் வாரா வாரம் நிற்கிற மாணவர் சோதனைச்சாலை.

யுஸ்டஸ் லீபிக் 1803-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். அப்பா வண்ணப்பொடி, வார்னிஷ், மருந்துச் சரக்கு விற்கும் வியாபாரி. விற்கும் பொருள்களில் பலவற்றைத் தாமே பட்டறையில் தயாரிப்பார். பையன் அந்தப் பட்டறையில்தான் வளர்ந்தான். பள்ளிப் பாடம் ஏறவில்லை, படிப்பை முடிக்காமலே வெளியே வந்தான். சந்தையில் ஒருவர் வெடிக்கும் பொம்மை விற்பதைப் பார்த்து, அதற்குள் இருக்கும் வெள்ளி ஃபல்மினேட்டை வீட்டிலேயே செய்து பழகினான். ஊர் நூலகத்தில் இருந்த வேதியியல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தான்.

பிறகு ஹெப்பன்ஹைம் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை கற்கச் சேர்த்தார்கள். சில மாதங்களிலேயே திரும்பி வந்துவிட்டான். மாடியில் வெடிமருந்து செய்து கூரையைப் பெயர்த்துவிட்டான், அதனால் துரத்திவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்பாவால் பயிற்சிப் பணம் கட்ட முடியவில்லை என்பதுதான் காரணம் என்று வரலாறு ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது. பணம் கட்ட முடியாத வீட்டுக் கதை நமக்குத் தெரியாததா என்ன!

1820-இல் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து பேராசிரியர் காஸ்ட்னரின் பின்னாலேயே எர்லாங்கனுக்குப் போனார். அங்கே அவருக்குப் பெரிய ஏமாற்றம். பேராசிரியர் மேடையில் பேசுவார், சில சோதனைகளைச் செய்து காட்டுவார், மாணவர் கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு பொருளைப் பகுத்தாய்வது எப்படி என்று கையைப் பிடித்துக் கற்றுத்தர யாரும் இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு என் பள்ளி நினைவு வந்தது. பெயர் வேண்டாம். சோதனை என்றால் ஆசிரியர் மேசையில் செய்வார், நாங்கள் அறுபது பேரும் எம்பி எம்பிப் பார்ப்போம். பின்வரிசைக்குப் புகை மட்டும் தெரியும். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லாச் சோதனையும் நாங்களே செய்தது போல எழுதியிருப்போம். சிவப்பு மையில் கையெழுத்தும் கிடைக்கும்.

லீபிக்குக் கதவு திறந்தது பாரிசில். ஹெஸ்ஸே நாட்டு மன்னரின் உதவித்தொகையோடு 1822-இல் அங்கே போனார். அவருடைய ஃபல்மினேட் ஆய்வைக் கவனித்த ஹம்போல்ட் என்ற பெரிய அறிஞர் கே-லுசாக்கிடம் அவருக்காகப் பேசினார். கே-லுசாக் தம் சொந்தச் சோதனைச்சாலையில் அந்த இளைஞரைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்று வேலை செய்ய வைத்தார். வாயு விதி பாடத்தில் நாம் படிக்கிறோமே, அதே கே-லுசாக்தான். அன்றைய ஆராய்ச்சிக் கல்வி இவ்வளவுதான். ஒரு மேதையின் வீட்டுக் கதவு யாருக்காவது திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதற்கும் சிபாரிசு வேண்டும்.

1824-இல் ஹம்போல்ட்டின் பரிந்துரையோடு கீசன் என்ற சின்ன ஊரின் பல்கலைக்கழகத்தில் லீபிக் பேராசிரியர் ஆனார். வயது 21! கொடுத்த இடம் கைவிடப்பட்ட படைவீட்டின் காவலர் கட்டடம். மருந்து கலப்பவர்களைப் பயிற்றுவிப்பது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை என்று அங்கிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் செலவில் ஒரு பகுதியைத் தம் சம்பளத்திலிருந்தே போட்டார்.

அவருக்குத் துணை நின்றது ஒரு கண்ணாடிக் கருவி. 1831-இல் அவர் வெளியிட்ட அதில் ஐந்து குமிழ்கள் முக்கோணமாக இணைந்திருக்கும், உள்ளே பொட்டாஷ் கரைசல். கரிமப் பொருளைக் காப்பர் ஆக்சைடோடு சேர்த்து எரித்தால் வரும் நீராவியைக் கால்சியம் குளோரைடு குழாய் பிடித்துக்கொள்ளும். கரியமில வாயுவைக் குமிழ்கள் பிடித்துக்கொள்ளும். முன்னும் பின்னும் எடை போட்டால் ஹைட்ரஜன் எவ்வளவு, கார்பன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கு முன் பெர்சீலியஸ் போன்ற கைதேர்ந்தவர்களுக்கே பெரும்பாடாக இருந்த வேலை அது. இப்போது கவனமாகப் பழகிய மாணவரும் செய்யலாம் என்றாயிற்று. இதுதான் திருப்பம். ஆராய்ச்சி மேதைகளின் தனிச்சொத்தாக இருந்தது போய், கற்றுத் தரக்கூடிய வேலையாக மாறியது.

கீசனில் புதிதாக வந்தவருக்கு முதலில் என்னவென்று தெரியாத பொருள்களைக் கொடுப்பார்கள். இதில் என்ன இருக்கிறது, கண்டுபிடி என்பார்கள். நம் சால்ட் அனாலிசிஸின் தாத்தா இதுதான்! பிறகு பொருள்களைத் தயாரிக்க வேண்டும். அதன்பின் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வி அவருக்கென்று தரப்படும். தினமும் காலையில் ஒவ்வொருவரும் நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் லீபிக்கிடம் சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொள்வார் அல்லது மறுப்பார். வழியை மாணவரே தேட வேண்டும். நல்ல முடிவு வந்தால் லீபிக் நடத்திய இதழில் அச்சாகும். வழிகாட்டி, ஆய்வு மாணவர், ஆய்வுக் கட்டுரை என்று இன்று உலகெங்கும் இருக்கும் ஏற்பாடு இந்தக் காவலர் கட்டடத்தில்தான் உரு எடுத்தது என்றால் மிகையாகாது.

வந்தவர்கள் யார்? கெக்குலே கட்டடக் கலை படிக்க வந்தவர். லீபிக்கின் வகுப்பைக் கேட்டு வேதியியலுக்கு மாறினார். பென்சீன் வளையத்தை நமக்குத் தந்தவர் அவர்தான். வேதியியலில் முதல் நோபல் பரிசை 1901-இல் பெற்ற வான்ட் ஹாஃப் இந்தக் கெக்குலேயிடம் பயின்றவர். இன்னொரு மாணவர் ஹாஃப்மன் 1845-இல் லண்டனுக்குப் போய் அங்கே இதே முறையில் மாணவர்களைப் பழக்கினார். அவரிடம் படித்த பெர்கின், 1856-இல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது கொய்னா மருந்து செய்யப் பார்த்து, ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் பெருகியது. அப்போது பெர்கினுக்கு வயது 18. இப்போது எனக்கும் அதே வயது. இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

லீபிக்கிடம் குறையும் இருந்தது. முன்கோபி, எதிர்க்கருத்துச் சொன்னவர்களை எழுத்தில் விளாசிவிடுவார். பயிருக்கு மண்ணிலிருந்து தாது உப்புகள் வேண்டும் என்று 1840-இல் அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அதை நம்பி 1845-இல் ஒரு செயற்கை உரம் கொண்டுவந்தார், தோற்றுப்போனது. மழையில் கரைந்து ஓடிவிடுமோ என்று பயந்து, அதைக் கரையாதபடி செய்துவிட்டார். கரையாவிட்டால் வேர் எப்படி உறிஞ்சும்? தழைச்சத்து காற்றிலிருந்தே போதிய அளவு கிடைத்துவிடும் என்று அவர் நினைத்ததும் தவறு என்று இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வயல்களில் நடந்த சோதனைகள் காட்டின. விடுமுறையில் இதை அப்பாவிடம் சொன்னேன். அம்மாம் பெரிய படிப்பாளிக்கு இதுகூடத் தெரியலியா என்று சிரித்தார். யூரியா மூட்டை சுமக்கிறவருக்குத் தெரிந்தது அவ்வளவு பெரியவருக்குத் தெரியாமல் போனது!

இன்னொரு குறையும் உண்டு. என்னைப் போன்றவளுக்கு அந்த ஆய்வகத்தில் இடம் இருந்திருக்காது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1900-ஐ ஒட்டித்தான். எல்லோருக்கும் கற்றுத் தரலாம் என்று காட்டியவர் காலத்திலும் அந்த எல்லோரில் பாதிப்பேர் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

28 ஆண்டுகள் கீசனில் உழைத்த லீபிக் 1852-இல் மியூனிக் போனார். களைத்துவிட்டார். சோதனைச்சாலையில் மாணவர்களைப் பழக்கும் பொறுப்பு இனி வேண்டாம் என்ற ஏற்பாட்டோடுதான் போனார். 1873 ஏப்ரல் 18-இல் மறைந்தார். கீசனில் அவருடைய சோதனைச்சாலை இன்று அருங்காட்சியகம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆராய்ச்சி என்பது வேறு சாதி மூளைக்காரர்களின் வேலை, நமக்கு ஒரு ஷிப்ட் வேலை கிடைத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. இடமும் கருவியும் ஒரு கேள்வியும் கொடுத்து, தினமும் காலையில் என்ன ஆச்சு என்று கேட்க ஒருவர் இருந்தால், அது பழகப் பழக வருகிற வேலைதான். பிராக்டிகலில் செட்டுக்கு ஐந்து பேர் நிற்கிறோம். ஒருவர் செய்ய, நான்கு பேர் ரீடிங் எழுதுகிறோம். நண்பர்களே, அடுத்த முறை அந்த நான்கு பேரும் முறை வைத்துத் தொடுவோம்.

அடுத்த வருஷம் வேலைக்குப் போவேனா, பி.இ. இரண்டாம் ஆண்டில் சேருவேனா, இன்னும் முடிவாகவில்லை. அது வீட்டு நிலையைப் பொறுத்தது. எங்கே இருந்தாலும், எனக்குக் கீழே ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வந்தால் கண்டென்சரை அதன் கையில்தான் கொடுப்பேன். உடைந்தால் பிரேக்கேஜ் நோட்டில் என் பெயரை எழுதிக்கொள்வேன்.