நீரரமகளிரும் விபுலாநந்த அடிகளும்

மட்டக்களப்பு நாட்டினை மீன்பாடும் தேன்நாடு என்று வழங்குதல் தமிழுலகம் நன்கறிந்ததொன்று. மாரி நீங்கிய மாதங்களில், முழுநிலாக் காலத்தில், காற்றடங்கிய நள்ளிரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒருமுனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியிற் பொருத்திக் கேட்டால், மெல்லிய இன்னொலி எழும் என்பர். இவ்வொலியைக் கேட்டு இன்புற்ற முத்தமிழ் வித்தகர் விபுலாநந்த அடிகளார், நீருறையும் தெய்வமகளிர் பாடும் இசையாக அதனைப் புனைந்து பாடினார். அச்செய்யுட் பகுதியை யான் இருபதாண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். சொற்பொருள் கூறி, அணி இன்னதென்று காட்டி, பாடத்தை முடித்துவிடுவதே என் வழக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், வாவிக்கரை மீனவர் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, பாடுவது எந்த மீன் என்றும், அது ஏன் எல்லா மாதங்களிலும் பாடுவதில்லை என்றும் வினவினான். யான் விடை கூறமாட்டாது நின்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அடிகளார் பண்டிதர் மட்டுமல்லர், பௌதிகமும் இரசாயனமும் கற்பித்த விஞ்ஞான ஆசிரியரும் ஆவார் என்பது நினைவுக்கு வந்தது. அவர் மாணவனாயிருந்தால் இவ்வினாவைத் தாமே எழுப்பியிருப்பார் என்று தோன்றிற்று. அவர் வரலாற்றை மீண்டும் ஒருமுறை, இவ்வினாவை மனத்திற்கொண்டு பயின்றேன். அதன் பயனே இக்கட்டுரை.

மட்டக்களப்புக்குத் தெற்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக அமைந்த காரைதீவில், 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சாமித்தம்பி கண்ணம்மை என்போரின் மகனாக அடிகளார் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் மயில்வாகனம். கல்முனையில் தொடக்கக் கல்வி பெற்று, பின்னர் மட்டக்களப்பு அர்ச். மைக்கேல் கல்லூரியில் இயேசு சபைக் குருமாரிடம் கணிதமும் விஞ்ஞானமும் பயின்று, பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் வெற்றியெய்தினார். இளமையின் சிறந்த பகுதி இங்ஙனம் கடற்கரையிலும் வாவிக்கரையிலும் கழிந்தது. நெய்தல் நிலத்தை ஏட்டிற் காணுமுன்னரே கண்ணாற் கண்டவர் அவர்.

ஆசிரியப் பயிற்சி பெற்றபின் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916ஆம் ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்விலும் தேறினார். ஓராண்டிலே பெற்ற இவ்விரு பட்டங்களும் அவர் வாழ்வு முழுமைக்கும் முகவுரை போன்றன என்பது என் துணிபு. பின்னர் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். 1922இல் உலகியலைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவறம் பூண்டு விபுலாநந்தர் ஆயினார்.

துறவு பூண்டவர் தம் நாட்டை மறக்கவில்லை. 1929இல் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். கல்லடி என்பது கிழக்கே வங்கக்கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் சூழ, நடுவே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். நகரையும் கல்லடியையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டில் எழுந்தது. பாடும் மீனைத் தேடுவோர் அன்றுமுதல் அப்பாலத்தடியையே நாடிச் சென்றனர்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் அமர்ந்தார். அப்பல்கலைக்கழகம் அமைந்த சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வந்தது, உவர்நிலத்து வளரும் தில்லை மரத்தால். அம்மரம் மட்டக்களப்பு வாவிக்கரையிலும் கண்டலோடு சேர்ந்து வளர்வது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் கண்டற்காடு இன்றும் செழித்துள்ளது. அப்பல்கலைக்கழகமே பிற்காலத்தில் பரங்கிப்பேட்டையில் கடலுயிர் ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையம் கண்டது. வாவிநாட்டில் வளர்ந்த அறிஞர், கண்டல்நாட்டிலேயே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தமை ஓர் இனிய பொருத்தம்.

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலாது என்று பலர் கூறிய காலம் அது. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு அடிகளார் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக ஏறக்குறையப் பத்தாயிரம் கலைச்சொற்கள் கொண்ட அகராதி 1938இல் வெளியாயிற்று. என் மாணவன் வினவிய வினாவிற்குத் தமிழிலே விடை கூறுதற்கு வழிசெய்தவருள் அடிகளாரும் ஒருவர் என்பதை எண்ணுந்தோறும், விடை கூறாது நின்ற என் நாணம் மிகுகின்றது.

பதினான்கு ஆண்டுகள் முயன்று அவர் இயற்றிய யாழ்நூல், 1947ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறிற்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் கிடந்த குறிப்புகளை எடுத்து, கணித முறையால் நரம்புகளின் அளவை ஆராய்ந்து, வழக்கொழிந்த பழந்தமிழ் யாழ்களின் வடிவை மீட்டுத் தந்தது அந்நூல். அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் கொழும்பில் இறையடி எய்தினார். அப்பொழுது அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர். 1943 முதல் அப்பணியை ஆற்றி வந்தார். அவர் திருவுடல் கல்லடியில், சிவாநந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பெற்றது. இசை எழும் வாவிக்கும் அலை எழும் கடலுக்கும் நடுவே அவர் துயில்கின்றார்.

இனி, மாணவனின் வினாவிற்கு வருவோம்.

வாவியின் ஒலியைப் பிறநாட்டார்க்கு அறிவித்தவருள் முதன்மையானவர், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற். அவர் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார். ஊரி என்னும் சிற்றுயிரே ஒலிக்கின்றதென்று மீனவர் அவருக்குக் கூறினர். ஊரியோ மீனோ என்பதில் அறிஞர் இன்றளவும் ஒருமனதாக முடிவு செய்திலர். ஆயினும் மீன்கள் ஒலியெழுப்பும் என்பதில் ஐயமில்லை. வாவியிலும் கரைக்கடலிலும் வாழும் கீச்சான் என்னும் மீன், பிடிபட்டால் கீச்சென ஒலிக்கும். ஒலியைக் கேட்டே நம் மீனவர் அதற்குப் பெயரிட்டுள்ளனர்.

மீன் எங்ஙனம் ஒலிக்கின்றது என்பதை அறிந்தபொழுது யான் வியந்தேன். ஒலிக்கும் மீன்கள் பலவற்றின் வயிற்றகத்தே காற்றுப்பை ஒன்றுண்டு. அதனைச் சார்ந்த தசைகள் விரைந்து சுருங்கி விரியும். சில மீன்களில் வினாடிக்கு நூறுமுறைக்கு மேலும் அவை அதிரும். அவ்வதிர்வைக் காற்றுப்பை பெருக்கி ஒலியாக்கும். யாழில் நரம்பு அதிர, பத்தர் அவ்வொலியைப் பெருக்குவது போன்றதே இச்செயல். பத்தரும் நரம்பும் இன்னவென்று ஆராய்ந்து எழுதிய அடிகளார், வாவியின் இசையையும் யாழின் இசையையும் ஒருங்குவைத்து எண்ணியது வெறும் புனைவன்று என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

மீன் பாடவேண்டுமாயின் மீன் வாழவேண்டும். அது வாழ்தற்கு வாவி உணவளிக்கவேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமுடையது. பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் அது கடலோடு கலக்கின்றது. கோடையில் மணற்றிட்டு வாயை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் அதனை உடைத்துச் செல்லும். அதனால் வாவிநீர் ஒருகால் உவர்க்கும், ஒருகால் இனிக்கும். கரையிலுள்ள கண்டல் மரங்களின் இலைகள் உதிர்ந்து சேற்றில் அழுகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும். அச்சிதைவை நண்டும் இறாலும் உண்ணும். அவற்றை மீன் உண்ணும். கடலில் முட்டையிடும் இறாலின் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே வாவியினுட் புகுந்து, கடற்புல்லிடையேயும் கண்டல் வேரிடையேயும் வளர்ந்து, மீண்டும் கடலுக்கே செல்லும். கலவாய் மீனின் சில வகைகளும் இளமையை இவ்விடத்தே கழித்துப் பின்னர் முருகைக் கற்பாறையை நாடிச் செல்வன.

அம்முருகைக் கற்பாறைகள் மட்டக்களப்பு நகருக்கு வடக்கே பாசிக்குடா, கல்குடா, காயான்கேணிக் கடல்களில் உள்ளன. முருகையைக் கல்லென்று எண்ணுவோர் பலர், அஃது உயிர். சிறுபூப்போன்ற எண்ணிறந்த உயிர்கள் சுண்ணாம்பை உடலினின்று சுரந்து கட்டிய மாளிகை அது. அவ்வுயிரின் தசையினுள்ளே நுண்பாசி குடியிருந்து, ஞாயிற்றின் ஒளியால் உணவு சமைத்து, பெரும்பகுதியைத் தன் வீட்டுடையோனுக்கே வழங்கும். வீட்டுடையோன் தன் கழிவைப் பாசிக்கு எருவாக அளிப்பான். வெப்பநாட்டுத் தெளிகடல் உரம் குறைந்தது. அத்தகைய நீரிலே இத்துணை உயிர்வளம் பொலிவதற்கு, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகி எதுவும் வீண்போகாமையே காரணம். கடலடிப் பரப்பில் நூற்றிலொரு பங்கும் இல்லாத முருகைப் பாறைகளைக் கடலுயிர் வகைகளில் ஏறக்குறைய நாலிலொன்று சார்ந்து வாழ்கின்றன.

வாவிக்கும் முருகைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். முருகைக்குத் தெளிந்த நீர் வேண்டும். மாரிவெள்ளம் கொணரும் சேற்றைக் கண்டல் வேரும் கடற்புல்லும் தடுத்து நிறுத்துவதால், கடல்நீர் கலங்குவது குறைகின்றது. கண்டலை வெட்டினால் இறாலின் தொட்டிலும் போம், முருகைக்குக் காவலும் குறையும். முருகை அழிந்தால் கரையை அலையரிப்பினின்று காக்கும் அரண் போம். ஓரிடத்து நரம்பு தளர்ந்தால் யாழ் முழுவதும் சுருதி கெடுவது போன்றது இந்நிலை.

இவ்யாழின் நரம்புகள் பல தளர்ந்துவிட்டன. சுண்ணாம்பிற்காக இலங்கையில் முருகை வெட்டப்பட்டது. போர்க்காலத்தில் பாதுகாப்பின் பொருட்டும், இறாற் பண்ணைகளின் பொருட்டும் வாவிக்கரைக் கண்டல் அழிக்கப்பட்டது. 1998இல் கடல் வெம்மை மிகுந்தமையால் இந்துமாக்கடலின் முருகைப் பாறைகள் பல, உள்ளிருந்த பாசியை இழந்து வெளிறி மாண்டன. இலங்கையின் தென்மேற்குக் கரை பெருங்கேடுற்றது. ஆறுதல் தரும் செய்தியும் உண்டு. காயான்கேணி முருகைப் பகுதி 2019இல் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வாவிக்கரையிற் கண்டல் நடும் பணியும் நடைபெற்றுள்ளது.

இவற்றைக் கற்றபின், முழுநிலா நாளொன்றில் அம்மாணவனோடும் அவன் தந்தையாரோடும் தோணியேறிக் கல்லடிப் பாலத்தடிக்குச் சென்றேன். பழைய பாலத்தருகே 2013இல் திறந்த புதிய பாலத்தின்மீது வண்டிகள் சென்றவண்ணமிருந்தன. நெடுநேரம் துடுப்பைச் செவியில் வைத்திருந்தேன். என் செவிக்கு நீர் தோணியை அறையும் ஒலியன்றி வேறொன்றும் எட்டவில்லை. நள்ளிரவு கடந்தபின் வண்டியோசை சற்றே அடங்கிற்று. அப்பொழுது துடுப்பை வாங்கிய மாணவன், ஏதோ கேட்கின்றதென்று சைகை காட்டினான். அவன் தந்தையாரும் கேட்டுத் தலையசைத்தார். தம் இளமையில் இதனைக் கேட்கத் துடுப்பை இத்துணை நேரம் பிடித்திருக்க வேண்டியதில்லை என்று அவர் கூறியது மட்டும் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. மகன் கேட்டதை அவன் மகன் கேட்பானோ என்னும் கவலை அவர் குரலில் இருந்தது.

அடிகளார் மறைந்த யாழை நூலிலிருந்து மீட்டார். நரம்பும் பத்தரும் எந்த அளவினவென்று ஏட்டில் எழுதியிருந்தமையால் அது இயன்றது. வாவியின் இசைக்கு அத்தகைய ஏடு இல்லை. கண்டலும் கடற்புல்லும் முருகையும் முகத்துவாரமுமே அதன் ஏடுகள். அவை அழிந்தபின் எத்துணைப் பெரிய பேராசிரியர் தோன்றினும் அவ்விசையை மீட்டல் அரிது.

இப்பொழுது நீரரமகளிர் பகுதியைக் கற்பிக்கும்பொழுது, முதல்நாள் வகுப்பறையில் பாடம் சொல்லுவேன்; இரண்டாம் நாள் மாணவரை வாவிக்கரைக்கு அழைத்துச் சென்று, கண்டலையும் தில்லையையும் பெயர் சொல்லிக் காட்டி, மீனவர் கூறுவதைக் கேட்கச் செய்வேன். வழியில் அடிகளாரின் அடக்கத் தலத்தில் சிறிதுநேரம் நிற்போம். தமிழாசிரியர்கள் தத்தம் ஊரின் நீர்நிலையருகே இதனைச் செய்து காண்பாராக.