கல்விக்கும் கொடை ஈந்த தம்புசாமிப் பிள்ளை

கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை 1873ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் திரு. கா. தம்புசாமிப் பிள்ளை என்பதைப் பக்தப் பெருமக்கள் நன்கறிவர். பத்துமலைக் குகையில் முருகப் பெருமானின் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும், 1892 முதல் அங்கே தைப்பூசம் நடைபெறக் காரணமானவரும் அவரே. ஆயினும் இந்நாட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு அப்பெருமகனார் ஆற்றிய தொண்டு நம்மவரிடையே அத்துணை பேசப்படுவதில்லை.

1850இல் சிங்கப்பூரில் பிறந்த பிள்ளையவர்கள் அங்குள்ள ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் ஆங்கிலம் கற்றார். பின்னர் வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராக அமர்ந்தார். 1875இல் டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக நியமனம் பெற்றபோது பிள்ளையவர்களும் உடன் வந்தார். அரசாங்கக் கருவூலத்தில் பணியாற்றி, மாநிலப் பொருளாளராகத் தற்காலிகப் பொறுப்பும் வகித்தார். அரசுப் பணியை விட்டபின் ஈயச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். லோக் இயூ என்னும் சீனச் செல்வரோடு கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் நடத்திய சுரங்கத்தில் மின்சாரத்தால் நீர் இறைத்த செய்தி அந்நாளில் பெரும் புதுமை.

தாம் கற்ற ஆங்கிலக் கல்வியே தம்மை உயர்த்தியது என்பதை அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். ஆனால் அவர் வாழவந்த கோலாலம்பூரிலோ அத்தகைய கல்விக்குத் தக்கதொரு பள்ளி இல்லை. 1887இல் விக்டோரியா மகாராணியாரின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி நினைவுச் சின்னம் ஒன்று அமைக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அப்பணம் ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. அதனைக் கொண்டு பள்ளி ஒன்று நிறுவலாம் என்னும் எண்ணம் ரெசிடெண்ட் டிரெச்சர் காலத்தில் எழுந்தது. இருந்த தொகை போதாது. அந்நேரத்தில் கைகொடுத்தோருள் சீனக் கப்பித்தான் யாப் குவான் செங், லோக் இயூ, தம்புசாமிப் பிள்ளை ஆகிய மூவரும் முதன்மையானவர்கள். பொருள் ஈந்ததோடு நில்லாமல், பள்ளியின் அறங்காவலராகவும் பிள்ளையவர்கள் பொறுப்பேற்றார். பணம் கொடுப்போர் பலர். கூட்டங்களுக்கு வந்தமர்ந்து கணக்குப் பார்ப்போர் சிலரே என்பதை ஆலயப் பணியில் ஈடுபட்டோர் அறிவர்.

1893 ஆகஸ்டு 14இல் அடிக்கல் நாட்டப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், 1894 ஜூலை 30இல் திறக்கப்பட்டது. பெனெட் ஷா முதல் தலைமையாசிரியர். 1885 முதல் மாரியம்மன் ஆலயம் விளங்கிவரும் அதே ஹை ஸ்திரீட்டில்தான், இன்றைய துன் எச். எஸ். லீ சாலையில்தான், அப்பள்ளியும் எழுந்தது. ஆலயம் அந்நாளில் அவர் குடும்பத்தாரின் பொறுப்பில் இருந்தது. பள்ளியோ எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் உரியது. தம் இனத்தாருக்கு மட்டுமே கொடுப்பேன் என்று அவர் வரையறை செய்யவில்லை.

ஒன்றை மறைத்தல் முறையன்று. தோட்டங்களிலும் இருப்புப்பாதையிலும் உழைத்த தமிழர்தம் மக்களுள் மிகச் சிலரே அந்நாளில் நகரத்து ஆங்கிலப் பள்ளியின் வாயிலை எட்டினர். எனினும் அங்குப் பயின்று வெளிவந்த தமிழ் இளைஞர்க்கு அரசாங்க அலுவலகக் கதவுகள் திறந்தன.

பள்ளி தொடங்கி எட்டே ஆண்டுகளில், 1902இல், பிள்ளையவர்கள் இறைவனடி சேர்ந்தார். ஆற்றோரத்தில் வெள்ளத்தால் அல்லலுற்ற பள்ளி 1929இல் பெட்டாலிங் குன்றிலுள்ள புதிய கட்டடத்திற்குப் பெயர்ந்தது. அங்கே மாணவர் இல்லங்களுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. மலாய், சீன, இந்திய மாணவர்கள் விளையாட்டுப் போட்டிகளில் தம்புசாமி இல்லத்தின் சார்பில் ஒன்றாய்க் களமிறங்குகின்றனர்.