டர்போ இன்ஜினின் தந்தை... குழாயைப் பிரித்து ஜெயித்த ஆல்ஃபிரட் பியூகி யார்?

ட்வின் ஸ்க்ரோல் டர்போ பொருத்திய கார் இன்ஜினைத் திறந்து பார்த்தால், முதலில் கண்ணில் படுவது எக்ஸாஸ்ட் ஹெடர்தான். நான்கு சிலிண்டரில் இருந்து நான்கு குழாய்கள் வரும். அவை நேராக ஒன்று சேராமல், 1-ம் சிலிண்டர் குழாய் வளைந்து போய் 4-ம் சிலிண்டர் குழாயோடு சேரும். நடுவில் இருக்கும் 2-ம் 3-ம் தனி ஜோடி. பார்க்க குடல் மாதிரி பின்னிக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்து குழாய்களைச் சேர்த்தால் வேலை சுலபம்தானே, ஏன் இப்படி சுற்றி வளைக்கிறார்கள்?

பதில் நூறு வருஷம் பழசு. அதைக் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பியூகி. (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'பூச்சி' என்று வாசித்துவிட வேண்டாம்!)

1879 ஜூலை 11-ல் வின்டர்தூர் நகரில் பிறந்தவர் பியூகி. அப்பா, அந்த ஊரின் பெரிய இயந்திர நிறுவனமான சுல்சரில் உயர் பொறுப்பில் இருந்தவர். 1903-ல் சூரிச் பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்த பியூகி, பெல்ஜியம், இங்கிலாந்து என்று வேலை பார்த்தார். அவர் மனசைக் குடைந்துகொண்டே இருந்தது ஒரே ஒரு விஷயம்: வீணாகப் போகும் புகை.

இன்ஜினில் எரிக்கும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சைலன்சர் வழியாக சூடாக வெளியே போய்விடுகிறது. அந்தப் புகையை வைத்து ஒரு டர்பைனைச் சுழற்றி, அந்த டர்பைனை வைத்து ஒரு கம்ப்ரசரை ஓட்டி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்தால்? காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டலாம். அதே சைஸ் இன்ஜின் அதிக பவர் தரும். 1905 நவம்பர் 16-ல் இந்த யோசனைக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

பேப்பரில் எல்லாம் சரி. ஆனால் செய்து காட்ட முடியவில்லை. அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று இல்லை. கம்ப்ரசர்களும் மட்டம். நாடு திரும்பி சுல்சரில் டீசல் ஆராய்ச்சிப் பிரிவை கவனித்துக்கொண்ட பியூகி, 1915-ல் ஒரு சோதனை இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். நம்பி விற்கும் அளவுக்கு அது நிற்கவில்லை. பேடன் நகரின் பிரவுன் போவேரி நிறுவனத்தின் கதவைத் தட்டினார். அங்கேயும் முதலில் கைவிரித்துவிட்டார்கள்.

இதற்கிடையில் முதல் உலகப்போர் வந்தது. விமான இன்ஜின்களுக்காக மற்றவர்களும் இதே ரூட்டில் இறங்கினார்கள். அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ், 1918-ல் சுமார் 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய் டர்போவை சோதித்தார். டீசலை நம்பிய பியூகிக்கோ இன்னும் சில வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

திருப்பம் தந்த இரண்டு கப்பல்கள்

1920-களில் காற்று மாறியது. பிரவுன் போவேரி இறங்கி வந்தது. ஜெர்மனியின் பிரதான பகுதியையும் கிழக்கு பிரஷ்யாவையும் பால்டிக் கடல் வழியே இணைத்த 'பிராய்சன்', 'ஹன்சேஸ்டாட் டான்சிக்' என்ற பயணிகள் கப்பல்களில், பியூகியின் மேற்பார்வையில் டர்போ பொருத்தப்பட்டது. 10 சிலிண்டர் டீசல் இன்ஜினின் பவர் 1,750 குதிரைத்திறனில் இருந்து 2,500 ஆனது. சுமார் 40 சதவீதம் அதிகம். காப்புரிமை வாங்கி 20 வருஷம் கழித்து!

ஆனால் இன்றைய ஹெடர் டிசைனுக்கு அடித்தளம் போட்டது கப்பல் அல்ல. 1925-ல் அவர் காப்புரிமை கேட்ட இன்னொரு யோசனை.

புகை இன்ஜினில் இருந்து ஆற்றுத் தண்ணீர் மாதிரி சீராக வருவதில்லை. வால்வு திறக்கும்போது குபீர் என்று ஒரு அடி, அப்புறம் இடைவெளி, மறுபடி ஒரு அடி. எல்லாக் குழாயையும் ஒரே பெரிய அறையில் சேர்த்தால் இந்த அடிகள் கலந்து மழுங்கிவிடும். இன்னொரு தொல்லையும் உண்டு. 4 சிலிண்டர் இன்ஜினில் பொதுவான எரியும் வரிசை 1-3-4-2. 3-ம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து புகையை வீசும்போது, 1-ம் சிலிண்டர் வால்வு இன்னும் மூடியிருக்காது. குழாய் ஒன்றாக இருந்தால் 3-ன் புகை 1-க்குள்ளேயே எதிர்த்து முட்டும்.

பியூகியின் தீர்வு, குழாயைப் பிரிப்பது. ஒன்றோடு ஒன்று மோதாத சிலிண்டர்களை மட்டும் ஒரு குறுகிய குழாயில் சேர்த்து, ஒவ்வொரு குழாயையும் டர்பைனின் தனி வாசலுக்குக் கொண்டு போனார். இரண்டு அடிகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் இறங்கும். அந்த கேப்பில் கம்ப்ரசர் தள்ளும் புதுக்காற்று உள்ளே புகுந்து, மிச்சப் புகையைத் துடைத்து, வால்வையும் பிஸ்டன் தலையையும் குளிர்விக்கும். சூட்டில் செத்துக்கொண்டிருந்த டர்போ டீசல்களுக்கு இதுதான் உயிர் கொடுத்தது.

இன்றைய ட்வின் ஸ்க்ரோல் ஹெடரில் 1-4, 2-3 என்று ஜோடி சேர்ப்பது இதே கணக்குதான். 6 சிலிண்டர் வரிசை இன்ஜின் என்றால் 1-2-3 ஒரு பக்கம், 4-5-6 இன்னொரு பக்கம். இரண்டு பாதைக்கும் நடுவில் உள்ள சுவர் டர்பைன் வாசல் வரை போக வேண்டும். நடுவிலேயே இரண்டும் கலந்துவிட்டால் பிரித்ததற்குப் பலன் குறைந்துவிடும். வேஸ்ட்கேட் வைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். குழாய்கள் சம நீளமாக இருந்தால் அடிகள் சீரான இடைவெளியில் வரும். ஆனால் அதற்காக நீட்டிக்கொண்டே போனால் சூடு குறைந்து டர்போ சோம்பேறியாகிவிடும். டிசைனருக்குத் தலைவலியே இந்த இழுபறிதான்.

1926-ல் சுல்சரை விட்டு வெளியேறிய பியூகி, பிரவுன் போவேரியையும் வின்டர்தூரின் ரயில் இன்ஜின் தொழிற்சாலையையும் சேர்த்து 'பியூகி சிண்டிகேட்' தொடங்கினார். அவர் கையில் தொழில்நுட்பமும் வாடிக்கையாளர் உறவும். இந்தக் கூட்டணி 1941 வரை ஓடியது. டர்போ டீசல் கப்பல், ரயில் என்று பரவி, 1938-ல் சுவிஸ் நிறுவனம் சாவுரர் மூலம் லாரிக்கும் வந்தது.

அவர் யோசனை எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டர்போக்களின் திறன் உயர்ந்த பிறகு, ராட்சத கப்பல் இன்ஜின்கள் மறுபடி ஒரே பெரிய அறைக்கே திரும்பிவிட்டன. சீரான வேகத்தில் நாள்கணக்கில் ஓடும் இன்ஜினுக்கு அது போதும். சிக்னலில் நின்று நின்று கிளம்பும் காருக்கு, மெதுவாகச் சுற்றும்போதும் சட்டென்று கிடைக்கும் அந்த அடி தேவை. அதனால்தான் பிரித்த குழாய் காரில் தங்கிவிட்டது.

ஆனால் காரில் டர்போ வந்ததை பியூகி பார்க்கவே இல்லை. 1959 அக்டோபர் 27-ல், பிறந்த ஊரான வின்டர்தூரிலேயே 80 வயதில் காலமானார். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கோர்வேர் மான்சா என டர்போ கார்கள் ஷோரூமுக்கு வந்தது 1962-ல்.