சந்தன வேரைத் தேடியவர்: சார்லஸ் ஆல்பிரட் பார்பர்

உயர்ந்த குணத்துக்கு உவமை தேடும்போதெல்லாம் தமிழர் நெஞ்சம் சந்தன மரத்தையே நாடும். தேயத் தேய மணம் பரப்பும் அதன் இயல்பை மேடைகளிலும் ஏடுகளிலும் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1792ஆம் ஆண்டில் அதனை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். இத்தகைய பெருமைக்குரிய மரம், மண்ணுக்கு அடியில் அண்டைச் செடிகளின் வேர்களைப் பற்றிக்கொண்டு, அவற்றிடம் நீர் பெற்று வாழ்கின்றது என்பதைப் பலர் அறியார். அந்தப் பற்றுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விரிவாக ஆராய்ந்து விளக்கிய அறிஞர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர் ஆவார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சிக்கு வித்திட்டவர் என்ற முறையில் அவர் பெயர் உலகறிந்தது. அதற்கு முன்னர்ச் சந்தன வேரோடு அவர் செலவிட்ட ஆண்டுகளோ அத்துணை நினைக்கப்படுவதில்லை.

பிறப்பும் பணியும்

பார்பர் 1860ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் வைன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். இங்கிலாந்தில் வளர்ந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்றார். மேற்கிந்தியத் தீவுகளில் சில ஆண்டுகள் வேளாண்மைத் துறையில் பணியாற்றினார். கரும்பே வாழ்வாதாரமாக விளங்கிய அத்தீவுகளில் பெற்ற அனுபவம் பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது. 1898ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலராகப் பொறுப்பேற்றார்.

அப்பதவி நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் பதவியன்று. காடும் மலையும் சுற்றிச் செடிகளைத் திரட்ட வேண்டும். உலர்த்திப் பெயரிட்டுக் காக்க வேண்டும். பயிருக்கு நோய் கண்டால் காரணம் ஆராய வேண்டும். கோதாவரிப் பாசனப் பகுதியில் கரும்பைச் செவ்வழுகல் நோய் அழித்தபோது அதனை ஆராயும் பணி பார்பரிடம் வந்தது. குடகுப் பகுதியில் 1899ஆம் ஆண்டில் அறியப்பட்ட கூர்நுனி நோய் சந்தனக் காடுகளை வாட்டத் தொடங்கியபோதும் அவருடைய கருத்து நாடப்பட்டது. நோயுற்ற மரத்தை அறிய வேண்டுமெனில், நோயற்ற மரம் எவ்வாறு வாழ்கின்றது என்பதை முதலில் அறிய வேண்டுமன்றோ?

மண்ணுக்கு அடியில் ஒரு மறைவாழ்வு

சந்தனம் வேர் ஒட்டுண்ணி என்னும் செய்தி பார்பருக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. கல்கத்தா தாவரவியல் பூங்காவைச் சார்ந்த ஜான் ஸ்காட் 1871ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டுரைத்தார். எனினும், ஒரு வேர் மற்றொரு வேரைத் துளைத்து உட்புகுவது எவ்வாறு, உட்புகுந்தபின் இரண்டும் எங்ஙனம் இணைகின்றன என்பன போன்ற வினாக்களுக்குத் தெளிவான விடை தேவைப்பட்டது.

மாமரத்திலும் வேம்பிலும் தொற்றி நிற்கும் புல்லுருவியை ஆராய்வது எளிது. அது கண்ணுக்கெதிரே கிளையில் இருக்கின்றது. சந்தனத்தின் களவோ மண்ணுக்குள் நிகழ்வது. அதன் இளவேர்கள் மெலிந்தவை. சற்றே வலிந்து இழுத்தாலும் அறுந்துவிடும். வேரைப் பிணைப்போடு சிதையாமல் மண்ணினின்றும் எடுத்து, மெல்லிய சீவல்களாக வரிசை பிறழாமல் அறுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. பார்பர் மேற்கொண்ட வழி இதுவே. சந்தன வேரின் உறிஞ்சுறுப்பைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1906, 1907ஆம் ஆண்டுகளில் இந்திய வேளாண்மைத் துறையின் வெளியீடுகளாக வந்தன. ஓலாக்ஸ், கன்சேரா ஆகிய வேறு இரு வேர் ஒட்டுண்ணிகளைப் பற்றிய ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்தன.

சந்தன வேர் அயல் வேரைத் தொடுமிடத்தில் சிறு முகிழ் ஒன்று தோன்றுகின்றது. அது மணி போல் பருத்து, தன் விளிம்பு மடிப்புகளால் அயல் வேரை இறுகத் தழுவுகின்றது. பின்னர் அதன் நடுப்பகுதியிலிருந்து ஆப்புப் போன்றதொரு திசு எழுந்து, பட்டையைத் துளைத்து, நீர் ஓடும் மரப்பகுதி வரை சென்று பரவுகின்றது. அங்கே இருவேறு உயிர்களின் குழாய்கள் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. அயல் வேரில் ஓடும் நீரும் அதில் கரைந்த உப்புகளும் சந்தனத்துக்குள் பாய்கின்றன.

சந்தனம் முழு ஒட்டுண்ணியன்று என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அதற்குப் பச்சை இலைகள் உண்டு; ஞாயிற்றின் ஒளியில் அது தனக்குரிய உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். நீரும் கனிமச் சத்துமே அது பிறரிடம் பெறுவன. பச்சையம் பெரிதும் குன்றி, உணவுக்கும் பிறரையே நம்பும் அம்மையார் கூந்தல் கொடியினின்று அது வேறுபடுவது இதனாலேயே. ஆகவே அதனைப் பாதி ஒட்டுண்ணி என்று அறிவியலார் வகைப்படுத்துவர்.

ஆய்வின் பயன்

இது வெறும் ஏட்டறிவு என்று எண்ணிவிடலாகாது. விதையில் உள்ள உணவைக் கொண்டு சந்தன நாற்று சில மாதங்கள் தழைக்கும். அதன்பின் பற்றிக்கொள்ள அயல் வேர் கிட்டாவிடில் வெளிறி, நலிந்து, பெரும்பாலும் மடிந்துவிடும். நிலத்தைச் சுத்தமாகத் திருத்திச் சந்தனத்தை மட்டும் நடுபவர், அன்பு மிகுதியால் அதனைப் பட்டினி போடுகின்றார். இவ்வுண்மை உணரப்பட்டதன் விளைவாகவே, நாற்றங்காலில் துவரையைத் துணைச்செடியாக வளர்ப்பதும், தோட்டத்தில் சவுக்கு, புங்கு போன்ற மரங்களை இடையிடையே நடுவதும் வழக்கமாயின. சந்தனம் பற்றக்கூடிய செடிகள் 300 இனங்களுக்கும் மேற்பட்டவை என்று இன்று அறிகின்றோம். தமிழகத்தில் 2002ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, தம் நிலத்துச் சந்தனத்தில் உழவர்க்கு உரிமை கிடைத்தது. அவ்வுரிமையை நம்பி நடுபவருக்கு இவ்வறிவு முதலீட்டைக் காக்கும் அறிவாகும்.

கோவையில் விளைந்த இனிமை

1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. பார்பர் அதன் முதல் கரும்பு வல்லுநராக அமர்ந்தார். வட இந்தியாவின் மெலிந்த கரும்புக்குப் பதிலாக விளைச்சல் மிக்க கரும்பை உருவாக்குவதே குறிக்கோள். கோவையின் தட்பவெப்பத்தில் கரும்பு பூத்து விதை கொடுத்தமையால் கலப்பு முயற்சி கைகூடியது. வெள்ளை என்னும் பருத்த கரும்போடு, ஆற்றங்கரையில் தானே முளைக்கும் காட்டு இனமாகிய நாணல் கலக்கப்பட்டது. அதனின்றும் பிறந்த கோ 205 என்னும் வகை 1918ஆம் ஆண்டில் வெளிவந்து, பஞ்சாப் உழவர்களின் வயல்களை அடைந்தது. உடனிருந்து உழைத்த தி. சா. வேங்கடராமன் பின்னர் அப்பணியைத் தலைமையேற்று வளர்த்தார்.

1919ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற பார்பர் கேம்பிரிட்ஜ் திரும்பி, வெப்பமண்டல வேளாண்மையைக் கற்பித்தார். 1933ஆம் ஆண்டில் மறைந்தார். வட இந்தியக் கரும்பினம் ஒன்று சக்காரம் பார்பரி என்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அவருடைய இரு பணிகளுக்கும் அடிப்படை ஒன்றே. உயர்ந்தது என்று உலகம் போற்றும் சந்தனத்தைப் பார்த்தபோது, அது பிறரைச் சார்ந்து நிற்பதை மறைக்காமல் எடுத்துக்காட்டினார். பயனற்றது என்று உலகம் ஒதுக்கிய நாணலைப் பார்த்தபோது, அதன் உள்ளுறைந்த வலிமையைக் கண்டுகொண்டார். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அவர் கண்ணை மறைக்கவில்லை. இறைவனின் படைப்பில் சிந்தனையைச் செலுத்துதல் அறிவுடையோர் கடன் என்று போற்றும் சமுதாயத்தின் மாணவர்களுக்கு இவருடைய வாழ்வு ஒரு வழிகாட்டியாகும். ஜவ்வாது மலைச் சாரலிலோ ஏலகிரியிலோ ஒரு சந்தன மரத்தைக் காணும்போது, அதன் மணத்தை வியப்பதோடு நின்றுவிடாமல், அருகில் பெயரறியாமல் நிற்கும் புதரையும் ஒருமுறை நோக்குதல் நன்று. அந்த மணத்தில் அதற்கும் பங்குண்டு.