அசையாப் புள்ளிகளைத் தேடியவர்

விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கணக்கிட அடிப்படை ஆண்டு ஒன்று வேண்டும் என்று பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்திருக்கிறேன். அந்த ஆண்டிலும் விலைகள் நிலையாக நின்றதில்லை. நம் வசதிக்காக நாமே அதை நிறுத்திவைக்கிறோம். பிரெஞ்சு வானியலாளர் எதுவார் ஸ்தெஃபானின் வாழ்க்கையைப் படித்தபோது, அவரும் அத்தகையதோர் அடிப்படையையே வானத்தில் தேடினார் என்பது என்னைக் கவர்ந்தது.

1837இல் பிறந்த ஸ்தெஃபான் மார்சேய் வானாய்வகத்தின் இயக்குநராக 1907 வரை பணியாற்றினார். 1868 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணத்தை ஆராயச் சயாம் சென்ற பிரெஞ்சுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் அவர். அதே கிரகணத்தை அவர் நாட்டவரான ஜான்சென், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரிலிருந்து ஆராய்ந்தார்.

மார்சேயில் அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம், ஃபூக்கோ உருவாக்கிய, வெள்ளி பூசிய 80 சென்டிமீட்டர் கண்ணாடி ஆடி கொண்ட தொலைநோக்கி. விண்மீன்கள் மிக மெதுவாக இடம்பெயர்பவை. அப்பெயர்ச்சியை அளக்க அசையாத குறிகள் தேவை. மங்கிய புகைபோலத் தெரியும் ஒண்முகில்கள் அதற்கு உதவும் என்று கருதிய ஸ்தெஃபான், அவற்றின் இடங்களை ஒவ்வொன்றாக அளந்து பட்டியலிட்டார். அவை என்னவென்று அன்று எவருக்கும் தெரியாது. 1877இல், பெகாசஸ் விண்மீன் தொகுதியில் நெருங்கிக் கிடந்த சில ஒண்முகில்களும் அப்பட்டியலில் சேர்ந்தன. இன்று அவற்றை 'ஸ்தெஃபானின் ஐவர்' என்கிறோம். ஐந்தும் தனித்தனி விண்மீன் மண்டலங்கள்.

நெருங்கித் தெரிவதெல்லாம் நெருங்கி இருப்பதாகாது. புள்ளிவிவரங்களோடு வாழ்ந்தவர்கள் இதை எளிதில் ஒப்புவார்கள். 1961இல் பர்பிட்ஜ் தம்பதியர் ஐவரில் ஒன்றின் விலகு வேகம் மற்றவற்றோடு சற்றும் பொருந்தாததைக் கண்டனர். அது சுமார் 4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மற்ற நான்கும் ஏறத்தாழ 29 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால். 1982இல் பால் ஹிக்சன், பாலோமர் வானளவைப் படங்களை முறையாகத் துழாவி 100 செறிந்த குழுக்களைத் தொகுத்தார். ஒளியளவில் அதிகம் வேறுபடாத நான்கேனும் இருக்க வேண்டும், அவை செறிந்திருக்க வேண்டும், சுற்றிலும் வெற்றிடம் வேண்டும் என்பன அவர் வகுத்த விதிகள். ஸ்தெஃபானின் குழு அதில் 92ஆவது. விதிகள் எவ்வளவு கறாராயினும், வழியில் குறுக்கிடும் அயலார் உள்ளே நுழைந்துவிடுகிறார்கள். தொலைவை அளந்தே அவர்களை விலக்க முடிகிறது.

ஸ்தெஃபானின் அடிப்படை பொய்த்ததா? அந்த நால்வரும் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகின்றனர். ஆயினும் தொலைவின் மிகுதியால் வானில் அவர்களது இடம் மாறித் தெரிவதில்லை. இன்றைய வானியல், அவர்களினும் தொலைவிலுள்ள குவாசர்களைக் கொண்டே விண்மீன்களின் பெயர்ச்சியை அளக்கிறது. அவ்வகையில் அவர் கணிப்பு சரியே என்பது என் கருத்து.

1923 டிசம்பர் 31 அன்று அவர் மறைந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்குள் முன்பு, அக்டோபரில், ஆண்ட்ரோமெடா ஒண்முகில் நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்று காட்டிக்கொடுத்த விண்மீனை ஹப்பிள் கண்டுபிடித்திருந்தார். அச்செய்தி முறையாக வெளியானது 1925இன் தொடக்கத்தில்.