முசிறு எறும்பைப் படித்த மெட்ரிகுலேட்

பவானிபூர்: மாமரத்து முசிறு கடித்தால் உதறிவிட்டு நடப்போம். அதையே உட்கார்ந்து கவனித்துப் பேரெடுத்தவர் அமரர் கோபால் சந்திர பட்டாச்சார்யா.

1895-ல் கிழக்கு வங்காளத்தின் பரித்பூர் ஜில்லாவில், ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தகப்பனாரை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேறியும், பண வசதியின்றிக் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. ஊரில் வாத்தியார் வேலை. பிறகு கல்கத்தாவில் டெலிபோன் ஆபரேட்டர். ஒளிவிடும் செடிகளைப் பற்றி அவர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஜகதீஷ் சந்திர போஸின் கண்ணில் பட்டது. 1921-ல் போஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது.

எறும்பு, சிலந்தி என்று பலவற்றை ஆராய்ந்து, பாமரருக்கும் புரியும்படி வங்காளியில் எழுதினார்.

எறும்பின் வாழ்வு மோப்பத்தில் நடக்கிறது. கூட்டாளியா, அந்நியனா என்று உணர்கொம்பால் முகர்ந்தே அறியும். மோப்பச் செய்தியைக் கடத்தும் நரம்பணுக்களோடு, அவற்றை அடக்கும் நரம்பணுக்களும் பூச்சி மூளையில் உண்டு. அந்த அடக்கம் இருப்பதால்தான் பலத்த வாசனையிலும் மூளை திணறாமல், ஒரு வாசனையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிகிறது. வெட்டுக்கிளியிலும் பழ ஈயிலும் பிற்கால விஞ்ஞானிகள் கருவிகொண்டு இதைக் கண்டார்கள். கோபால் சந்திரருக்குப் பொறுமையும் கண்ணுமே பெரிய கருவிகள்.

1975-ல் ரவீந்திர புரஸ்காரம் பெற்றார். 1981-ல் கல்கத்தா சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் அளித்தபோது வயது 85. அவ்வாண்டு ஏப்ரல் 8-ல் காலமானார். கல்லூரியில் நின்றுபோன படிப்பை அவர் எறும்புப் புற்றருகே முடித்தார்.